மூன்று தடவை வந்த பேக்கிங் லைட்

நடேசன் சாரின் கார் ஒரே வாரத்தில் மூன்றாவது தடவையாக எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தபோது, அவருடைய டிரைவர் ராம்தனிக்கு வேலை போகும் நிலைமை.

அப்போது கல்கத்தாவில் காருக்குப் பின்னால் வெள்ளை விளக்கு என்பதே புதிது. ரிவர்ஸ் கியர் போட்டால் தானாக எரியும். நாங்கள் அதை பேக்கிங் லைட் என்போம். பவானிப்பூரில் நடேசன் சார் குடியிருந்த சந்தில் வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. சாயங்காலம் ஆபீஸிலிருந்து அவரை அழைத்து வரும் ராம்தனி, சந்துக்குள் ரிவர்ஸிலேயே போவார். அப்படிப் போகும்போது ஒரு நாள் முரி, அதாவது பொரி, விற்பவரின் கூடையை நசுக்கிவிட்டார். அந்த மனுஷன் துள்ளி விலகியதால் கால் தப்பியது.

"லைட் எரியவில்லை" என்றார் ராம்தனி. வண்டியை எங்களிடம் கொண்டுவந்தால் ஜம்மென்று எரிந்தது.

முதல் தடவை பல்பைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். இரண்டாம் தடவை ஃப்யூஸ், கியர்பாக்ஸ் மேல் இருக்கும் ஸ்விட்ச், வயர், எர்த் என்று வரிசையாக டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தேன். எங்கேயும் குறையில்லை. ஷெட் கதவைச் சாத்தி இருட்டாக்கி ரிவர்ஸ் போடச் சொன்னேன். பின்சுவர் பளீரென்றது. அன்று மாலையே சந்தில் மறுபடி எரியவில்லை.

மூன்றாம் தடவை போர்மன் பிஸ்வாஸ் பாபு பொறுமை இழந்தார். "கோளாறு ஒண்ணும் இல்லேன்னு எழுதிக் குடுத்துடு. நமக்கு வேற வேலை இல்லையா?" என்று வங்காள மொழியில் சொன்னார். எழுதினால் ராம்தனி பொய் சொன்னதாக ஆகிவிடும். அவரோ தம் கண்ணையே சந்தேகிக்க ஆரம்பித்திருந்தார். "பாபு, எனக்குப் பார்வை போயிடுச்சா?" என்று இந்தியில் கேட்டார். நான் பேனாவை எடுத்தேன். பாதி எழுதியும்விட்டேன்.

அன்று நடேசன் சார் காரிலேயே வந்திருந்தார். ஆள் நல்ல ஆகிருதி. தரையெல்லாம் எண்ணெய் என்று இறங்க மறுத்து, பின் ஸீட்டில் இருந்தபடியே சத்தம் போட்டார்.

"என்னய்யா ரிப்பேர் பண்றேள் மூணு தடவையா? ராம்தனி, போடு ரிவர்ஸ்!"

ராம்தனி போட்டார். விளக்கு எரியவில்லை. நான் பின்னால் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன்.

"எரியலை, சார்."

"எரியலையா? நானே பாக்கறேன்!" வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அவர் கால் தரையில் பட்டதும் விளக்கு எரிந்தது.

"எரியறதே!"

"சார், தயவுபண்ணி இன்னொரு தடவை ஏறுங்க."

ஏறினார். அணைந்தது. இறங்கினார். எரிந்தது. நான்காம் தடவைக்குள் ஒர்க்‌ஷாப்பே கூடிவிட்டது. பிஸ்வாஸ் பாபு சிரிப்பை அடக்க இருமிக்கொண்டிருந்தார்.

"என்னை வச்சு வேடிக்கை காட்டறேளா?" என்றார் நடேசன் சார்.

"ஐயோ, இல்லைங்க. நீங்க அப்படியே உக்காந்திருங்க. நான் அடியில போய்ப் பாத்துடறேன்."

டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்தேன். அவர் பாரத்தில் பின் ஸ்பிரிங் அமுங்க, அச்சு மேலே வந்து, குறுக்கே போன வயரை முட்டியது. இழுபட்ட வயர் ஜாயின்டில் மயிரிழை விலகியிருந்தது. ஆள் இறங்கினால் ஒட்டிக்கொள்ளும். காலி வண்டியை எத்தனை தடவை பார்த்தாலும் சரியாகத்தானே இருக்கும்!

அந்த வயரைப் போட்டது நான். பழைய வயரை எலி கடித்துவிட்டதென்று இரண்டு மாதத்துக்கு முன்னால் மாற்றியபோது, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று தொய்வே விடாமல் இழுத்துக் கட்டியிருந்தேன்.

ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அங்கிருந்து பார்த்தால் ராம்தனியின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. ஒரு காலில் நிற்பதும் மறு காலுக்கு மாறுவதுமாக இருந்தார்.

வெளியே வந்தேன். "சார், தப்பு என்னோடது. வயரைக் குட்டையாப் போட்டுட்டேன். இவர் சொன்னது அத்தனையும் நிஜம்."

நடேசன் சார் என்னை முறைத்தார். பிறகு ராம்தனி பக்கம் திரும்பி, ஆண்பால் பெண்பால் எல்லாம் குழம்பிய தம் இந்தியில் மன்னிப்புக் கேட்டார். ராம்தனிக்கு எவ்வளவு புரிந்ததோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிஸ்வாஸ் பாபு என்னை ஒரு வாரம் வறுத்தெடுத்தார். அது நியாயம்தான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அச்சுக்கு மேலே போகிற வயரில் நாலு விரல்கடை தொய்வு விடுங்கள், பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. தினமும் வண்டியில் போகிறவர்களை ஏற்றிவைத்துச் சோதியுங்கள். டிரைவர் எரியவில்லை என்றால் எரியவில்லைதான். ஏன் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம்.