பன்னிரண்டு உதை

கலவரத்துக்குப் பிறகு எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகக் கண்டியை விட்டுக் கிளம்பினார்கள். சிலர் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பினார்கள், சிலர் கனடாவுக்குப் போனார்கள். நான் கலகெதரைக்குப் போய் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கிக்கொண்டு வந்தேன்.

"எல்லாரும் பிளேன் ஏறுகினம். நீங்கள் பழைய இரும்பிலை ஏறுறியள்," என்றாள் மனைவி.

அவள் சொன்னதில் பிழை இல்லை. அறுநூற்றைம்பது சிசி, இரட்டைச் சிலிண்டர், இங்கிலாந்துத் தயாரிப்பு. ரப்பர் தோட்டத்துத் துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது கொட்டிலில் விட்டுப்போனது. கொழுத்த பெற்றோல் டாங்கி, அகன்ற கைபிடி, பார்த்தாலே பயில்வான் என்று தெரியும். நானோ ஐந்தடி மூன்று அங்குலம். அதை ஸ்டாண்டில் ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். நான் ஒருவன்தான் இருந்தேன், அதுவும் முழுசாக ஒருவன் என்று சொல்ல முடியாது.

அரசாங்க அலுவலகம் ஒன்றில் எனக்குப் படம் வரையும் வேலை. பாலம், மதகு, வடிகால் எல்லாவற்றையும் அளவு பிசகாமல் காகிதத்தில் கட்டுவேன். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு சரிவில் மேல்மாடி எடுத்துக் குடியிருந்தோம். பால்கனியில் நின்றால் கீழே வீதி வளைவு தெரியும். அந்த வளைவில்தான் மண்மூட்டை அடுக்கி ஆமிக்காரர்கள் சோதனைச் சாவடி போட்டிருந்தார்கள்.

என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அந்த ஒரு சொல்லுக்காக 'விசாரணை' என்று கூட்டிப்போன ஆட்களில் சிலர் ஒரு வாரத்தில் வந்தார்கள், சிலர் ஒரு வருடத்தில் வந்தார்கள். எங்கள் அலுவலகத்தில் எனக்கு இரண்டு மேசை தள்ளி இருந்தவர் வரவே இல்லை. அவருடைய குடை கனகாலம் கதிரைக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. ஆகவே ஒவ்வொரு பின்னேரமும் அந்த வளைவு நெருங்கும்போது சட்டைப் பையில் அட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்வேன்.

சாவடிக்கு முப்பது யார் தூரத்துக்கு முன்னாலேயே எஞ்சினை நிறுத்த வேண்டும். இறங்க வேண்டும். ஹெல்மெட்டைக் கழற்றி, சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், அட்டையை நீட்ட வேண்டும். அதுவரைக்கும் எல்லாருக்கும் ஒரே சட்டம்தான். என் பாடு அதற்குப் பிறகுதான் தொடங்கும். சூடான அந்த எஞ்சினை மறுபடி எழுப்புவது லேசான காரியம் அல்ல. உதைகட்டையில் முழு உடம்பையும் ஏற்றித் துள்ளி உதைப்பேன். அது இருமும், துப்பும், சும்மா இருக்கும். சில வேளை திருப்பி என்னையே உதைக்கும்.

ஆமிக்காரர்களுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு அந்த வீதியில் கிடையாது. என்னைக் கண்டதும் மண்மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒவ்வொருவராக வெளியே வருவார்கள். அங்கே இருந்த கோப்ரல் என் அட்டையை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கைகட்டி நிற்பார். ஒவ்வொரு உதைக்கும் சிங்களத்தில் சத்தமாக எண்ணுவார்கள். பெரும்பாலும் பன்னிரண்டில் கிளம்பும். கிளம்பாவிட்டால் அவர்களே தள்ளிவிடுவார்கள். ஆரவாரம் அடங்கிய பிறகு கோப்ரல் கண்ணைத் துடைத்துக்கொண்டு அட்டையைத் திருப்பித் தருவார். எனக்கு 'பைக் மாத்தயா', அதாவது பைக் ஐயா, என்று பெயரும் வைத்திருந்தார்கள்.

இரண்டு வருடம் இப்படியே போனது. அந்த இரண்டு வருடத்தில் ஒருவர்கூட என் அட்டையை வாசிக்கவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. நான் கவனித்ததெல்லாம் என் மானம் கப்பலேறுவதைத்தான். பயில்வான் சைக்கிள் வைத்திருப்பவன் நாலு பேர் தள்ளியா வீடு போய்ச் சேர்வது? பெருவிரலால் ஒரு பொத்தானை அழுத்தி, அவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

திகனையில் கராஜ் வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானாவிடம் போனேன். ஜப்பான் சைக்கிள்களைப் பிரித்து உதிரிப்பாகம் விற்பவர். என் சைக்கிளை இரண்டு முறை சுற்றி வந்தார்.

"செல்ப் ஸ்டார்ட் வெக்க ஏலும் சேர். ஆனா இது எங்கட வாப்பாட காலத்துச் சாமான். ஒதச்சாத்தான் அதுக்கு மரியாத. பொத்தான அமுக்கி எழுப்பினா ரோசம் வந்திரும்."

"ரோசம் எனக்கும் இருக்கு நானா," என்றேன்.

படம் வரைபவனுக்கு வாயால் சொல்லி முடிக்கத் தெரியாது. ட்ரேசிங் காகிதத்தில் முழுச் சைக்கிளையும் வரைந்தேன். மேலிருந்து ஒரு தோற்றம், பக்கத்திலிருந்து ஒரு தோற்றம், இருக்கைக்குக் கீழே ஒரு வெட்டுமுகம். பட்டரி எங்கே, ஸ்டார்ட்டருக்கான கறுப்புப் பெட்டி எங்கே, எந்த வயர் எதிலிருந்து எதற்குப் போகிறது என்று சிவப்பு மையால் காட்டினேன். அளவு போட்டு, மூலையில் என் கையெழுத்தையும் வைத்தேன். நானா அதை மரியாதையாக வாங்கிப் பார்த்துவிட்டு மடித்து என்னிடமே தந்தார்.

நாலு சனிக்கிழமை வேலை நடந்தது. முன்சில்லுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. பக்க விளக்குகள் வந்தன. சத்தமில்லாத புதுச் சைலன்சர் வந்தது. ஸ்டார்ட்டர் மோட்டாரை அவர் எப்படிப் பொருத்தினார் என்பது எனக்கு இன்றுவரை முழுதாக விளங்கவில்லை. எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் பழைய மெக்னீட்டோவில் மட்டும் அவர் கை வைக்கவில்லை. உதைகட்டையைக் கழற்றிவிடச் சொன்னேன், அதற்கும் மறுத்துவிட்டார்.

"ஈக்கட்டும் சேர். ஒரு அவசரத்துக்கு ஒதவும்."

திங்கட்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குச் சாவடிக்கு வந்தேன். வழக்கம்போல எல்லாரும் வெளியே வந்தார்கள். கோப்ரல் அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு கைகட்டினார். நான் ஏறி உட்கார்ந்து, ராசா மாதிரி ஒரு பார்வை பார்த்து, பொத்தானை அழுத்தினேன். முதல் தரத்திலேயே கிளம்பிவிட்டது. கைதட்டுவார்கள் என்று உண்மையாகவே எதிர்பார்த்தேன்.

யாரும் கைதட்டவில்லை. எண்ணத் திறந்த வாய்கள் மூடிக்கொண்டன. கோப்ரல் கிட்ட வந்து எஞ்சினை நிறுத்தச் சொன்னார். பிறகு சட்டைப் பையிலிருந்து என் அட்டையை எடுத்து, முதல் தடவையாக அதை வாசித்தார்.

"யாப்பனேத?" என்றார். ஊர் யாழ்ப்பாணமா என்று கேட்கிறார்.

ஓம் என்று தலையாட்டினேன். இருக்கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். கறுப்புப் பெட்டியும் சிவப்பு, மஞ்சள் வயர்களும் பளபளவென்று இருந்தன. எல்லாரும் ஒரேயடியாகப் பின்னால் போனார்கள். ஒருவன் என் பையைக் காலால் இழுத்துக் கவிழ்த்தான். சாப்பாட்டுப் பெட்டி உருண்டது, அதன் பின்னால் ட்ரேசிங் காகிதம் விரிந்தது. கறுப்புப் பெட்டிக்கு வரைபடம் வரைந்து, வயர்களுக்குச் சிவப்பு மை பூசி, அடியில் கையெழுத்தும் வைத்துப் பையிலேயே கொண்டு திரிந்த தமிழன் இந்த இலங்கையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

என்னை வீதியோரம் குந்த வைத்தார்கள். அதிகாரிக்குச் செய்தி போனது. இரண்டு வருடமாக என் சைக்கிளைத் தள்ளிய கோப்ரல் பத்தடி தள்ளி நின்று துவக்கை என் பக்கம் பிடித்திருந்தார். நான் எனக்குத் தெரிந்த அலுவலகச் சிங்களத்தில் ஏதோ சொன்னேன், அவர் காதில் விழுந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் அலுவலகத்தில் தொங்கிய அந்தக் குடை நினைவுக்கு வந்தது. தலையை நிமிர்த்திப் பால்கனியைப் பார்க்கவும் துணிவு வரவில்லை. பார்த்தால் அங்கே நிற்பது யார் என்று அவர்களும் பார்ப்பார்கள்.

ஜீப்பில் ஓர் இளம் அதிகாரி வந்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். அது ஸ்டார்ட் செய்வதற்கு மட்டும்தான் என்று மூன்று மொழியிலும் சொன்னேன்.

"அப்படியென்றால் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு உதைத்து ஸ்டார்ட் செய்து காட்டு," என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, கோப்ரலையும் கூட்டிக்கொண்டு அவரும் மண்மூட்டைக்குப் பின்னால் போய்விட்டார்.

வயர்களைப் பிடுங்கி, பெட்டியைத் தார் வீதியில் வைத்தேன். பிறகு உதைத்தேன். உதைத்துக்கொண்டே இருந்தேன். ஒன்பதாவது உதையில் கட்டை துள்ளி முழங்காலுக்குக் கீழே விட்டது ஒரு அடி. "ஐயோ அம்மா!" என்று அலறி ஒற்றைக்காலில் ஆடினேன்.

மண்மூட்டைக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு அடுத்த உதைக்கு ஒரு குரல் "தஹாய்" என்றது. பத்து. அது கோப்ரலின் குரல். பதினொன்றுக்கு இரண்டு குரல் வந்தது. பன்னிரண்டில் கிளம்பவில்லை. பத்தொன்பதில் எல்லாரும் வெளியே வந்து நின்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். புதுச் சைலன்சரின் தயவில் எஞ்சின் கிளம்பியதே எனக்குத் தெரியாமல் இருபதாவது உதைக்குக் காலைத் தூக்கினேன். கோப்ரல்தான் கத்தி நிறுத்தினார். அதிகாரி படத்தை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். அட்டையும் பெட்டியும் என் கைக்கு வந்தன.

வீட்டுக்கு வந்தபோது மனைவி பால்கனிக் கம்பியைப் பிடித்தபடியே நின்றாள்.

"அவங்கள் சிரிச்ச பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது," என்றாள். "ரெண்டு வருசமா ஒவ்வொரு நாளும் இதிலை நிண்டு அந்தச் சிரிப்பைத்தான் கேக்கிறனான். அது கேட்ட பிறகுதான் தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்கிறது. நீங்கள் என்னடாவெண்டால் நாலு சனிக்கிழமை மினக்கெட்டு அதைக் கழட்டிப்போட்டு வந்திருக்கிறியள்."

என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது எதுவென்று வீட்டில் ஒருத்திக்குத் தெரிந்திருந்தது. ஓட்டியவனுக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு பேராதனை வீதியில் பொத்தான், கம்பளை வீதியில் பொத்தான், அந்த வளைவில் மட்டும் உதை. மெக்னீட்டோவைத் துண்டிக்க டாங்கிக்குக் கீழே ஒரு சின்னச் சுவிட்ச் வைத்துக்கொண்டேன். பதினொரு உதைக்கு அதை அணைத்து வைத்திருப்பேன், பன்னிரண்டாவதற்குப் போடுவேன். கோப்ரல் மாறிப்போனார், அடுத்தவர் வந்தார். ஒவ்வொருவரும் போகும்போது என்னை மற்றவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். நடிப்பில் நல்ல தேர்ச்சி அடைந்தேன் என்று சொன்னால் அது பெருமை இல்லை. வெட்கம்தான்.

ஒரு நாள் காலை வானொலியில் கொழும்பில் குண்டு வெடித்த செய்தி வந்தது. மனைவி சோற்றுப் பார்சலைக் கையில் தந்துவிட்டுக் கேற்றடியிலேயே நின்றாள்.

"இண்டைக்கு இருபது உதையுங்கோ," என்றாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "ஏலுமெண்டால் ஒருக்கா விழுங்கோ," என்றாள்.

பின்னேரம் இருபது உதைத்தேன். இருபதாவதில் சைக்கிளோடு சேர்ந்து விழுந்தேன். நாலு பேர் ஓடிவந்து சிரித்துச் சிரித்துத் தூக்கிவிட்டார்கள். அட்டையை யாரும் கேட்கவில்லை.