தட்டிப் போடு

காரைக்குடியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். வட்டமாக நின்று, பந்தைக் கீழே விடாமல் பத்துக் கை மாற்ற வேண்டும். விழுந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. நேற்று ஒவ்வொரு முறையும் காவ்யாவிடம் வந்ததும் விழுந்தது.

“இவளை உக்கார வைங்க மிஸ், எண்ணி எண்ணி வாய் வலிக்குது” என்றான் ஒருவன்.

“தரையில தட்டிப் போடச் சொல்லுங்க மிஸ், பிடிச்சிருவேன்” என்றாள் காவ்யா.

என் அண்ணன் கேட்டதும் இதேதான். சின்ன வயதில், எங்கள் ஊர் கல்லலில், நெல் காயப்போடும் சிமெண்டுக் களத்தில் நாங்கள் இருவரும் விளையாடுவோம். வெயிலில் சூடேறிய பந்தின் ரப்பர் வாடை கையிலேயே ஒட்டிக்கிடக்கும். “ஏத்தா, தட்டிப் போடுத்தா” என்பான். “நீ என்ன சின்னப் புள்ளையாண்ணே?” என்று வேண்டுமென்றே நேராக எறிவேன். மூக்கில் பட்டாலும் சிரிப்பான். உருண்ட பந்தைத் தரையில் தடவித் தேடுவான். நடிக்கிறான் என்று நினைத்தேன்.

அப்பா அவனையும் எங்களையும் மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது கண் நரம்பு பட்டுப்போயிருந்தது. “பார்வை மங்குறது வீட்டுல ஒருத்தருக்குமா தெரியல?” என்று டாக்டர் கேட்டார். அப்பா அம்மாவைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அண்ணனுக்குப் பார்வை திரும்பவில்லை.

நேற்று பந்தை நானே வாங்கித் தட்டிப் போட்டேன். தரையில் மோதிய சத்தத்துக்குக் கை நீட்டி, காவ்யா பிடித்துவிட்டாள். அவள் அம்மாவைக் கூப்பிட்டு, உடனே டாக்டரிடம் கண்ணைக் காட்டச் சொன்னேன்.

சாயங்காலம் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“தட்டிப் போட்டதும் பிடிச்சுட்டாளாத்தா?” என்று மட்டும் கேட்டான்.