இன்னொரு முறை பார்த்துவிடுகிறேன் என்ற அக்கா

எங்கள் அக்கா ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர். மலைக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்த அப்பா சீக்கிரமே காலமானதால், பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். திருமணமாகி மன்னார்புரத்தில் குடியேறிய பிறகும், வெள்ளிக்கிழமைகளில் டவுன் பஸ் ஏறி அம்மாவைப் பார்க்க வந்துவிடுவார்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, பஸ் படியில் காலைத் தூக்கி வைக்க முடியாமல் வீட்டுக்குத் திரும்பினார். பிறகு வேலையிலும், தொலைபேசி இணைப்பு போர்டின் மேல் வரிசையில் ஒயரைச் செருகக் கை எழவில்லை. கண்ணிமைகள் ஊதா நிறத்தில் தடித்தன. துணைக்குப் போயிருந்த நான்தான் அவர் தலையைப் பின்னிவிட்டேன். தடித்த இமையைப் பார்த்து, அழுதீர்களா என்று உடன் வேலை செய்தவர்கள் கேட்டால், சிரித்து மழுப்பிவிடுவார்.

தசைகளில் அழற்சி என்று கண்டறிந்து மாத்திரை கொடுத்தார் ஒரு டாக்டரம்மா. மெல்லத் தெம்பு வந்தது. எங்களுக்கு உயிர் வந்த அந்த நேரத்தில்தான் அவர் சொன்னார்: “இந்த வயசுல இந்த நோய் வந்தா, உடம்புல எங்கயாவது புத்துநோய் ஒளிஞ்சிருக்கான்னு தேடிப் பாக்கணும். இல்லாமலும் போகலாம்.”

அத்தானுக்குக் கோபம். தேறி வருகிறவளை ஏன் பயமுறுத்த வேண்டும் என்றார். அக்காதான் நிதானமாகச் சொன்னார்: “இருந்தா இப்பவே தெரியட்டுங்க. இவ ஸ்கூல் படிக்கிறா, நான் இருக்கணும்.” பக்கத்தில் மகள் நின்றிருந்தாள்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். ரத்தம் பார்த்தார்கள். மார்பையும் வயிற்றையும் கையால் அழுத்திப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. அம்மா பெருமாளுக்கு அர்ச்சனை செய்தார். ஆனால் டாக்டரம்மா, இப்போதைக்குத்தான் இல்லை, முதல் சில வருஷம் விடாமல் வந்து காட்ட வேண்டும் என்றார். அடுத்த முறையும் ஒன்றும் இல்லை. இனிப் போதும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். மாத்திரை சாப்பிட்டும் தோள் பலவீனம் முழுக்கப் போகாதது அக்காவுக்கு உறுத்தியது. “இன்னொரு தடவை பாத்துட்டு வந்துடறேன்” என்று கிளம்பினார்.

அன்று அடிவயிற்றில் சிறிய கட்டி கையில் தட்டுப்பட்டது. சினைப்பையில் புற்று. அறுவை சிகிச்சையில் உடனிருந்துவிட்டு வெளியே வந்த டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். “பரவலைங்க. முழுசா எடுத்தாச்சு” என்றார். அத்தான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

கட்டி போனபின் சில மாதங்களில் அக்காவின் தோளுக்குப் பழைய பலம் வந்தது. வேலைக்குத் திரும்பினார். மகளுக்குத் திருமணம் செய்து, பேரனைத் தூக்கிக் குளிப்பாட்டினார். புற்று திரும்பவே இல்லை. சென்ற ஆண்டு, காலைக் காபி குடித்து முடித்த சற்று நேரத்தில் மாரடைப்பு அவரை அழைத்துக்கொண்டது. அவஸ்தைப்படாமல் போனார் என்பதும் எங்களுக்கு ஆறுதலே.

ஆஸ்பத்திரியில் துணை இருந்த அண்டை வீட்டாருக்கும், தங்கள் ஷிப்டை மாற்றிக்கொடுத்த தொலைபேசி நிலையத் தோழியருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவின் கடைசிக் காரியத்துக்கு வயதான டாக்டரம்மாவும் வந்திருந்தார். அத்தான் கைகூப்பி அவரிடம் சொன்னதையே எல்லோருக்கும் எங்கள் நன்றியாக வைக்கிறேன்: “உங்களால இத்தனை வருஷம் எங்க கூட இருந்தாங்க.”