உமிக்கரியில் உறங்கிய சாயம்

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து ஒரே கிணறு. நடுச்சுவர் கிணற்றின் வாய்க்கு மேலேயே ஏறிப் போகும். இந்தப் பக்கத்து அரைவட்டத்தில் நாங்கள் இறைப்போம், அந்தப் பக்கத்து அரைவட்டத்தில் அவர்கள். சுவர் வாயோடு நின்றுவிடுவதால் உள்ளே தண்ணீர் ஒன்றாகத்தான் கிடந்தது. குனிந்து பார்த்தால் அந்தப் பக்கம் குனிகிறவர்களின் முகம் தண்ணீரில் தெரியும்.

கல்யாணமாகி சின்ன காஞ்சிபுரத்துக்கு வந்த புதுசில், அறுபதுகளில், பக்கத்து வீட்டு மருமகளை நான் முதலில் பார்த்தது அப்படித்தான். என் முகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு முகம் மிதந்து வந்து, "அக்கா, நீங்கதான் புதுப்பொண்ணா?" என்று கேட்டது. நான் தலையை ஆட்டினேன். தண்ணீரில் என் தலை ஆடியது. அவள் சிரித்தாள். தெருவில் யாரோடும் எனக்குப் பேச வராது. கிணற்றில் மட்டும் வந்தது. எதிரே நிற்காத ஆளோடு பேசுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

அவர்கள் கோயிலுக்குப் பூக்கட்டுகிறவர்கள். எங்களுடையது சாயப்பட்டறை. நெய்கிற வீட்டுக்காரர்கள் கொண்டுவரும் பட்டு நூலை என் மாமியார் முதலில் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைப்பார். நூல் மேலிருக்கிற கோந்து கரைந்து வெள்ளையாக வரும். பிறகு என் வீட்டுக்காரர் செப்புத் தொட்டியில் சாயம் கலக்கி, புளிப்புத் தண்ணீர் சேர்த்து, கழியில் மாட்டிய நூலைத் திருப்பித் திருப்பித் தோய்ப்பார். புளிப்பு சேர்ந்தால்தான் பட்டில் சாயம் நிற்கும். காலை வெயில் அந்த ஆவிக்குள் விழும்போது கொல்லையே அரக்காகவோ கிளிப்பச்சையாகவோ இருக்கும். ஒரு நிறத்துக்குள் நடந்து போய் இன்னொரு நிறத்திலிருந்து வெளியே வருவது போலத் தோன்றும்.

மிஞ்சிய சாயத்தண்ணீரைக் கொல்லைக் குழியில் ஊற்றுவோம். மணல் பூமி, குடித்துக்கொண்டே இருந்தது. அது எங்கே போகிறது என்று நாங்கள் யோசித்ததில்லை.

ஒருநாள் விடியற்காலையில் குனிந்தேன். தண்ணீரில் அவள் முகம் லேசாகச் சிவந்திருந்தது. வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்தேன். அதுவும் சிவந்திருந்தது.

"அக்கா, எங்க மல்லி எல்லாம் ரோசாவா ஆயிடுச்சு" என்றாள். "தண்ணி தெளிச்சு வெச்சோம். கோயில்ல மாலைய வாங்க மாட்டேன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

அவளுடைய மாமனார் அன்றைக்கே எங்கள் வாசலில் வந்து நின்றார். கத்தவில்லை. திரும்பி வந்த மாலையை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, "பாருப்பா, ரொம்ப அழகாத்தான் இருக்குது. ஆனா சாமி கேட்டது வெள்ளை" என்றார். வைகாசித் திருவிழா முடிகிறவரைக்கும் பார்ப்பாராம். அதற்குள் வழி பிறக்காவிட்டால் வீட்டை விற்றுவிட்டு ஓரிக்கைக்குப் போய்விடுவாராம். அங்கே பாலாற்றங்கரையில் அவருக்குப் பூந்தோட்டம் இருந்தது.

மாலையின் ஓரங்கள் விடியற்கால வானம் போலச் சிவந்திருந்தன. உள்ளே போய் மூலையில் உட்கார்ந்துகொண்டேன். அவள் போய்விட்டால் அந்தக் கிணற்றில் என் முகம் ஒன்றுதான் இருக்கும்.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் சாயத்தண்ணீரைப் பீப்பாயில் நிரப்பிக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே கொட்டினார். ரைஸ் மில்லுக்குப் பின்னால் ஒரு மேடு இருந்தது. நெல் புழுக்கும் பாய்லரில் உமியை எரித்துவிட்டு மில்காரர்கள் தள்ளிய கரி, மலை மாதிரி குவிந்து கிடக்கும். யாருக்கும் வேண்டாத இடம். அங்கேதான் கொட்டுவார்.

மாட்டுக்குத் தவிடு வாங்க அந்த மில்லுக்கு நான் போவதுண்டு. அன்றைக்குக் கூட்டமாக இருந்ததால் ஒதுங்கிப் பின்பக்கம் போய் நின்றேன். மேட்டின் இந்தப் பக்கம் எங்கள் அரக்குத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அந்தப் பக்கம் அடியிலிருந்து ஒரு கசிவு. அதில் கொக்குகள் நின்றிருந்தன. அவற்றின் காலடியில் வானம் நீலமாகக் கிடந்தது. கிட்டப் போய்க் கையால் அள்ளினேன். உள்ளங்கை ரேகை தெரிந்தது. அத்தனை அரக்கும் அந்தக் கறுப்புக்குள் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டது போலிருந்தது. தவிடு வாங்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாப்பாடு போடும்போது வீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் சோறு பிசைவதை நிறுத்தினார். "நெசமாவா?"

"கொக்கு நின்னுக்கினு இருந்துச்சுங்க."

மாமியார் உடனே, "கரியா? மஞ்ச நூலு காயற எடத்துல கரியா? ஒரு தூசி பறந்தா போதும், நூலு முழுக்கப் பாழு" என்றார். அது நியாயம்தான். சாயப்பட்டறையில் கரித்துணி கூட வைக்க மாட்டோம். அதனால் அவரே ஒரு வழி செய்தார். எங்கள் அடுப்புச் சாம்பலைத் திருநீறு போலச் சலித்து, வெள்ளைவெளேரென்று ஒரு பானையில் போட்டு, அதன் மேல் சாயத்தண்ணீரை ஊற்றினார். சாயம் இன்னும் பளிச்சென்று கீழே இறங்கியது.

"சுத்தமான சாம்பலுக்கு வேலை தெரியலையேம்மா" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். "பல்லு விளக்குற கரியையே கூப்புடுவோம்."

மில்காரர்கள் சந்தோஷமாக அள்ளிக்கொள்ளச் சொன்னார்கள். கொல்லைக் குழியை மூடிவிட்டு, காற்று நூல் பக்கம் வீசாத மூலையில் செங்கல் தொட்டி கட்டினோம். அடியில் ஜல்லி, அதற்கு மேல் ஆற்றுமணல், அதற்கு மேல் உமிக்கரி. தண்ணீர் மெள்ளத்தான் இறங்கும். நூல் அலசிய புளிப்புத் தண்ணீரும் சேர்ந்து போன நாட்களில் இன்னும் தெளிவாக இறங்கியது. மயில்கழுத்து நிறம் உள்ளே போகும், ஒன்றுமில்லாத நிறம் வெளியே வரும். வேலை முடிந்த மத்தியானங்களில் நான் அங்கே உட்கார்ந்து சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

திருவிழாவுக்கு முன்னால் பூக்கார மாமாவை என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். மாமா தன் மடியிலிருந்து ஒரு முழம் மல்லியை எடுத்து, தொட்டியிலிருந்து வழியும் தண்ணீரில் போட்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். மல்லி வெள்ளையாகவே கிடந்தது. அவர் முகம் இளகியது.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து மாமியார் நூல் வேகவைத்த சோப்புத் தண்ணீரை அண்டாவோடு கொண்டுவந்து தொட்டியில் கவிழ்த்தார். அழுக்குத் தண்ணீர் எல்லாம் இனிமேல் அங்கேதான் என்று நினைத்துவிட்டார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு தொட்டியின் வாயிலிருந்து முதலில் ஊதா வந்தது. அதன் பின்னால் அரக்கு, பச்சை, மாம்பழ மஞ்சள். இதுவரை தூங்கிய நிறமெல்லாம் யாரோ எழுப்பிவிட்டது போல எழுந்து ஒன்றன்மேல் ஒன்று விழுந்துகொண்டு வந்தது. மல்லியை அடித்துக்கொண்டு மாமாவின் பாதத்தைச் சுற்றி ஓடியது. பயத்திலும் எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது.

"இத்தினி நாளு சாயத்தையும் எனக்குன்னே எடுத்து வெச்சிருந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு மாமா போய்விட்டார்.

மாமியார் அண்டாவை வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார். "சாயம் போட்ட நூலைச் சோப்புல வேகவெச்சா சாயம் கழண்டுரும்னு எனக்குத் தெரியாதா? கரிக்கும் அதே கதையாப்பா?"

"புளிப்புக்குப் புடிக்குது, சோப்புக்கு விட்டுடுது. உன் பட்டு மாதிரியேதாம்மா" என்றார் என் வீட்டுக்காரர்.

அன்று சாயங்காலமே சோப்புத் தண்ணீருக்குத் தனி வாய்க்கால் வெட்டினார்கள். தொட்டியில் புதுக்கரி போட்டார்கள். ஆனால் மாமா மறுபடி வந்து பார்க்கவில்லை. திருவிழா முடிந்தது. கிணற்றில் அவள் சொன்னாள்: "மாமா காலுல சாயம் தேய்க்கத் தேய்க்கப் போகலைக்கா, மருதாணி வெச்ச பொண்ணாட்டம் நடந்துக்கினு இருக்காரு." சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். "ஓரிக்கைக்கு வண்டி சொல்லியாச்சு."

நான் கயிற்றைப் பிடித்தபடியே நின்றேன். குழியை மூடினாலும் மண்ணுக்குள் இறங்கிய சாயம் உடனே போய்விடாது. மழை வந்து ஊறி, இறைத்து, மறுபடி ஊறினால்தான் வெளுக்கும். இதை அவரிடம் யார் சொல்வது?

மறுநாள் தண்ணீரில் தெரிந்தது அவள் முகம் இல்லை, அவருடையது. ஆம்பிளை முகம் தெரிந்தால் நான் சட்டென்று விலகிவிடுவேன். அன்றைக்குக் கால் நகரவில்லை.

"மாமா," என்றேன். என் குரல் கிணற்றுக்குள் சுற்றி எனக்கே பெரிதாகக் கேட்டது. "மழை வரைக்கும் இருங்க மாமா. குழிய மூடிட்டோம். சோப்புத் தண்ணி இனிமே அதுல போகாது. ரெண்டு பேரும் சேர்ந்து இறைச்சுக்கினே இருந்தா வெளுத்துரும்."

அவருடைய வாளி இறங்கித் தண்ணீரைத் தொட்டு அவர் முகத்தைக் கலைத்தது.

"உனக்கு வாய் இருக்குதாம்மா?" என்றார். பிறகு, "சரி. மழை வரைக்கும்."

அந்தக் கோடை முழுக்க அவர்கள் பூவுக்குத் தண்ணீர் கோயில் குளத்துப் பக்கத்திலிருந்து வந்தது. நாங்கள் இரண்டு பக்கமும் இறைத்தோம். இறைத்த தண்ணீரையும் உமிக்கரி வழியாகவே விட்டோம். கரி கனத்துப் போனதும் வழித்து எடுத்து, செங்கல் சூளைக்குக் கொடுத்துவிட்டுப் புதுசு போட்டோம். என் கனவில் சில நாள் அந்தக் கறுப்பு மேடு வரும். உள்ளே எத்தனையோ புடவைகள் மடித்து வைத்தது போல இருக்கும்.

ஐப்பசியில் மழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்தது. ஒரு காலையில் வானம் வெளுத்திருந்தது. குடத்தோடு போய்க் குனிந்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நந்தியாவட்டைப் பூ விழுந்தது. தண்ணீரைத் தொட்டு, சுற்றி, எங்கள் பக்கத்துக்கு மிதந்து வந்தது. நெடுநேரம் பார்த்தேன். வெள்ளையாகவே இருந்தது.

"அக்கா, பாத்தீங்களா?"

அவள் முகம் பூவுக்குப் பக்கத்தில் வந்தது. ரொம்ப நாளாகச் சிவப்பாகவே பார்த்துப் பழகியதால் ஒரு கணம் வேறு யாரோ என்று நினைத்துவிட்டேன். மாநிறம்.

"வண்டிக்காரன வேணாம்னு சொல்லியாச்சு" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். தண்ணீரில் என் தலை ஆடியது.