பாடினவளையே நம்பாத மெஷின்

அப்பாடா!

இந்த வாரம் இந்த ஒரு வார்த்தையோடுதான் ஆரம்பிக்க முடியும், பிள்ளைகளே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலே முக்கால் மணி. தஞ்சாவூரில் ஒரு சங்கத்தின் மாடிப்படியில் ஏறி, மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாவிடம் ஒரு சி.டி.யை நீட்டினேன். ஐந்து மணியோடு சரி, அப்புறம் வாங்க மாட்டார்கள். அந்த அம்மா சி.டி.யைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"முதல்ல உக்காருங்க சார். தண்ணி குடிக்கிறீங்களா?"

அவ்வளவு மூச்சு வாங்கியிருக்கிறது எனக்கு!

அந்த சி.டி.யில் இருந்தது ஒரே ஒரு பாட்டு. மூன்று நிமிஷம். மூன்று நிமிஷப் பாட்டுக்கு மூன்று நாள் ஓட்டமா? ஆமாம். ஏன் என்று சொல்கிறேன்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்கு என் தொழில் தெரியும் – மைக்செட். கல்யாணமோ, காதுகுத்தோ, கோயில் திருவிழாவோ... முத்துப்பேட்டைப் பக்கம் எங்கே குழாய் ஸ்பீக்கர் கட்டினாலும் அநேகமாக அது என்னுடையதாகத்தான் இருக்கும். என் மகள் வெண்ணிலா ஏழாவது படிக்கிறாள். அவளோடு படிப்பவள் ராஜாத்தி. கடற்கரைத் தெருப் பிள்ளை. அவள் அப்பா பெரிய போட்டில் கடலுக்குப் போகிறவர்.

இந்த ராஜாத்தி ஒரு பாட்டுக் கட்டியிருந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சேற்றில் வளை தோண்டும் நண்டைப் பார்த்துத் தானாகக் கட்டியது.

"சேத்து நண்டே சேத்து நண்டே
வீடு எங்கே சொல்லு?
தண்ணி வந்து மூடிப்புட்டா
திரும்பத் திரும்பக் கெல்லு!"

கெல்லு என்றால் தோண்டு. இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

தஞ்சாவூர் சங்கத்தில் பிள்ளைகளுக்குப் போட்டி வைத்தார்கள். சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடி சி.டி.யில் அனுப்ப வேண்டும். நல்ல பாட்டாக இருந்தால் பாடியவரையே மேடைக்குக் கூப்பிடுவார்கள். வெண்ணிலாதான் பேப்பரில் பார்த்துவிட்டு ராஜாத்தியை இழுத்துக்கொண்டு வந்தாள். ஆனால் ஒரு சிக்கல். மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பமாகிவிட்டது. இங்கே போட்டு கடலில் இறங்காது. ராஜாத்தியின் அப்பா வேலைக்குக் கேரளாவுக்குப் போகிறார். ஸ்கூலும் லீவு என்பதால் குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ரயில். இனி ஜூனில்தான் வருவார்கள்.

அதனால் சனிக்கிழமை காலையிலேயே என் மைக்செட் ஷெட்டில் சுற்றிலும் கோணிச்சாக்கைத் தொங்கவிட்டு, ராஜாத்தியைப் பாடச் சொன்னேன். வெண்ணிலா கொட்டாங்குச்சி தட்டினாள். மூன்றாம் தடவை பாடினாள் பாருங்கள்... எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

பதிந்தது எதில்? என் மச்சான் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த ரெக்கார்டரில். சட்டைப்பைக்குள் அடங்கும். பிஸ்கட் அளவுக்கு உள்ளே ஒரு டிஸ்க். காசெட் மாதிரி இரைச்சல் கிடையாது, நாடா சிக்கிக்கொள்ளாது. எறும்பு நடந்தாலும் கேட்கும் என்று மச்சான் பீற்றிக்கொண்டான். நானும் நம்பினேன்.

கிளம்பும்போது ராஜாத்தி என்னிடம் தனியாக வந்து நின்றாள்.

"மாமா, மறக்காம அனுப்பிடுவீங்கள்ல?"

"அட, என்ன பாப்பா! சி.டி. போடுறது பத்து நிமிஷ வேலை. போயிட்டு வா."

பத்து நிமிஷம். நானே சொன்னது.

கல்யாண வேலையெல்லாம் முடித்துவிட்டு, புதன்கிழமை சாவகாசமாகக் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். அதை நடத்துகிறவர் செல்வி மேடம். கெட்டிக்காரர், கொஞ்சம் வாய்த்துடுக்கு. மச்சான் கொடுத்திருந்த சாஃப்ட்வேரைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். ரெக்கார்டரை வயர் போட்டு மாட்டினார். திரையில் பாட்டு தெரிந்தது. மூன்று நிமிஷம், பதினொரு செகண்ட். சந்தோஷமாக இருந்தது. காப்பி என்ற இடத்தில் அழுத்தினார். இங்கிலீஷில் ஒரு பெட்டி வந்து நின்றது.

"என்னங்க மேடம் சொல்லுது?"

"தர மாட்டேங்குது சார்."

"ஏன்?"

"காப்பி பண்ண அனுமதி இல்லையாம். யாரு பாட்டு சார் இது? சினிமாப் பாட்டா?"

"எங்க ஊருப் புள்ள பாட்டு மேடம். என் ஷெட்டுல பாடினது!"

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மெஷினுக்குத் தெரியாதுல்ல?"

மறுபடி அழுத்தினார். மறுபடி அதே பெட்டி. அரை மணி நேரம் என்னென்னவோ செய்து பார்த்தார். பெட்டி நகரவே இல்லை.

அப்புறம்தான் செல்வி மேடம் எனக்குப் புரியவைத்தார். வாய்க்கால் மடையில் மீனுக்குப் பறி வைப்பார்களே, பார்த்திருக்கிறீர்களா? மீன் உள்ளே போகலாம், வெளியே வர முடியாது. இந்த ரெக்கார்டரும் அப்படித்தான். கம்ப்யூட்டரிலிருந்து பாட்டை உள்ளே போடலாம். உள்ளே இருப்பதைக் கம்ப்யூட்டருக்குத் திரும்ப எடுக்க முடியாது. பாட்டுத் திருடர்களுக்குப் பயந்து, செய்யும்போதே அப்படிச் செய்துவிட்டார்கள். பயம் நியாயம்தான். பாட்டுக்கு உழைத்தவர் இருக்கிறாரே. ஆனால் மைக்கில் பாடிப் பதிந்த பாட்டுக்கும் அதே பூட்டா? பாடினவளையே திருடி என்று சொன்னால் எப்படி?

வீட்டுக்கு வந்தேன். வெண்ணிலா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"சி.டி. எங்கப்பா?"

"நாளைக்கும்மா."

"நாளைக்குன்னா வியாழன். வெள்ளி கடைசி. ராஜாத்தி போன் பண்ணினா நான் என்ன சொல்றது?"

என்ன சொல்வது? அவளைத் திரும்பப் பாடச் சொல்லலாம் என்றால் அவள் கேரளாவில் இருக்கிறாள். வெண்ணிலாவையே பாடச் சொல்லி அனுப்பலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன், பிள்ளைகளே. உங்களிடம் மறைக்க மாட்டேன். கேட்டும்விட்டேன். வெண்ணிலா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

"அது அவ பாட்டுப்பா" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை.

வியாழக்கிழமை மன்னார்குடிக்குப் போய் ரெண்டு கடை ஏறி இறங்கினேன். ஒருவர் "இந்த மாடலே நான் பார்த்ததில்லை" என்றார். இன்னொருவர், மெஷினைக் கழற்றிப் பார்க்கலாம், ஆனால் பாட்டு அழிந்தால் நான் பொறுப்பில்லை என்றார். ரெக்கார்டரை அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி சாந்தி பார்த்தாள்.

"ஏங்க, அந்தப் பாட்டு காதுல மாட்டினா கேக்குதா?"

"நல்லா கேக்குது."

"உங்க குழாய்ல போட்டா?"

"ஊருக்கே கேக்கும்."

"ஊருக்கே கேக்கும். கம்ப்யூட்டருக்கு மட்டும் கேக்காதாக்கும்?"

கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது.

எத்தனை வருஷமாக இதே வேலையைச் செய்கிறேன்! டேப்பில் ஹெட்போன் மாட்டும் ஓட்டையிலிருந்து ஒரு வயர் இழுத்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுப்பதுதானே என் பிழைப்பு? அதே வயரைக் கம்ப்யூட்டரில் சொருகினால் ஆயிற்று. மெஷின் தன் வேலையைச் செய்யும், பாடும். கம்ப்யூட்டர் கேட்டு எழுதிக்கொள்ளும். பூட்டை உடைக்கவே வேண்டாம். எந்த மெஷினானாலும் கடைசியில் காதுக்குக் கொடுத்துத்தானே ஆக வேண்டும்? கம்ப்யூட்டர் என்றதும் எனக்குத் தெரிந்த வேலையையே மறந்துவிட்டேன். இந்தக் கோளாறு பெரியவர்களுக்கு நிறைய உண்டு. புது சாமானைப் பார்த்தால் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவோம்.

வெள்ளிக்கிழமை காலை சென்டர் திறக்கும் முன்னாலேயே வாசலில் நின்றேன், கையில் வயரோடு. செல்வி மேடம் கம்ப்யூட்டரின் முதுகில் இருந்த நீலத் துளையைக் காட்டினார். சொருகினேன். ஓடவிட்டேன். உதட்டில் விரலை வைத்து, சென்டரில் இருந்த எல்லோரையும் பேசாதீர்கள் என்று அதட்டினேன்.

செல்வி மேடம் சிரித்துவிட்டார்.

"சார், வயர் வழியா போகுது. நாங்க பேசினா அதுல ஏறாது."

சரி. மூன்று நிமிஷம் முடிந்தது. போட்டுக் கேட்டோம். ஐயோ! ராஜாத்தி பாடுவது மாதிரியே இல்லை. தகர டப்பாவுக்குள் யாரோ கத்துவது மாதிரி கரகரவென்று...

எனக்கு உயிரே போய்விட்டது. இதிலும் பூட்டா? குரலைக் கெடுத்துத் தருகிறதா?

செல்வி மேடம் ரெக்கார்டரைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"சவுண்டு எவ்வளவு வெச்சிருக்கீங்க?"

"ஃபுல்."

"ஏன் ஃபுல்?"

ஏன் என்று கேட்டால்? மைக்செட்காரன் கை ஃபுல்லுக்குத்தான் போகும். நாலு தெருவுக்குக் கேட்கவில்லை என்றால் கல்யாண வீட்டில் அடுத்த தடவை கூப்பிடுவார்களா?

"இங்க சாமி புறப்பாடு இல்ல சார். பக்கத்துல உக்காந்து காதுல சொல்ற மாதிரி குடுங்க. போதும்."

பாதிக்கும் கீழே இறக்கினேன். மறுபடி ஓடவிட்டேன். இந்தத் தடவை யாரையும் அதட்டவில்லை, ஆனாலும் சென்டரே அமைதியாகிவிட்டது. மூன்று நிமிஷம், பதினொரு செகண்ட். ஒரு பாட்டை அவசரப்படுத்தாமல் அதன் நேரத்துக்கு உட்கார்ந்து கேட்டு எத்தனை நாளாயிற்று!

போட்டோம். கொட்டாங்குச்சி தெளிவாக விழுந்தது. அப்புறம் ராஜாத்தி வந்தாள். "சேத்து நண்டே சேத்து நண்டே..." பக்கத்தில் நிற்கிற மாதிரியே இருந்தது. ரெண்டாம் வரிக்கு முன்னால் அவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. நான் வேஷ்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வியர்வைதான்... அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

சி.டி. கைக்கு வந்தபோது பதினொன்றரை. கிளம்பும்போது செல்வி மேடம் கூப்பிட்டார்.

"சார், இந்தப் பாட்டை இங்க ஒரு காப்பி வெச்சுக்கட்டுமா? வர்ற பிள்ளைங்களுக்குப் போட்டுக் காட்டுவேன். நல்லா இருக்கு."

என்னைப் பாராட்டின மாதிரி குளிர்ந்துபோனேன். "தாராளமா" என்று வாய் வரை வந்துவிட்டது. வெண்ணிலாவின் பார்வை ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"அந்தப் புள்ளயக் கேட்டுச் சொல்றேன் மேடம்."

"அதுவும் சரிதான்" என்றார்.

மன்னார்குடியில் பஸ் மாறி, தஞ்சாவூர் போய், வழியைக் கேட்டுக் கேட்டு ஓடி, நாலே முக்காலுக்குக் கொடுத்த கதைதான் உங்களுக்கு முதலிலேயே தெரியுமே. வீட்டுக்கு வந்து சொன்னதும் வெண்ணிலா எனக்குத் தோசை கொண்டுவந்து வைத்தாள். சமாதானம் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை ராஜாத்தி அப்பாவின் செல்போனுக்குப் பேசினேன். பின்னால் ஒரே போட்டுச் சத்தம்.

"குடுத்துட்டேன் பாப்பா. நேரத்துக்குக் குடுத்துட்டேன்."

"நிஜமாவா மாமா?"

"நிஜமா. ரசீது இருக்கு."

அந்தப் பக்கம் ஒரு குதி குதித்திருப்பாள் போல. அவள் அம்மா "விழுந்துறப் போற, பாத்துடி" என்று அதட்டுவது கேட்டது. போட்டியில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவள் பாட்டு அவள் குரலிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்கு அது போதும்.

அப்புறம் செல்வி மேடம் கேட்டதைச் சொன்னேன்.

"குடுங்க மாமா. யாருக்கு வேணும்னாலும் குடுங்க. ஆனா ராஜாத்தி பாடினதுன்னு எழுதச் சொல்லுங்க. வெண்ணிலா கொட்டாங்குச்சி தட்டினதையும் எழுதணும்."

செல்வி மேடத்தின் காப்பியில் அப்படியே எழுதியாயிற்று.

அந்தப் போனை வைத்ததிலிருந்து எனக்குத்தான் ஒரு மாதிரியாக இருக்கிறது. நேற்று ஷெட்டில் ஏறி, பரணில் இருந்த காசெட்டுகளை இறக்கிப் பார்த்தேன். எல்லாம் வருஷக்கணக்காக நான் பதிந்து வைத்தவை. ஒட்டியிருக்கும் சீட்டில் என் கையெழுத்து – 'கல்யாணம் ஒன்று', 'கல்யாணம் ரெண்டு', 'காதுகுத்து', 'மாரியம்மன்'. ஒன்றிலாவது பாடினவர் பேர் இருக்க வேண்டுமே? இல்லை. எந்த மெஷினும் அப்போது என்னைத் தடுக்கவில்லை. யாரையும் கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன், பிள்ளைகளே. இதுவரை, பாடினவர்களில் மூன்று பேருடைய பேர்தான் கண்டுபிடித்திருக்கிறேன்.