சம்பந்தியம்மா கொண்டுவந்த கோழிக்குழம்பு

நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் என் மகனுக்குப் பெருங்குடல் முழுக்க, வேர்க்கடலையும் மிளகும் கொட்டி வைத்தது மாதிரி சதை முளைத்திருந்தது. "இன்னும் புற்று ஆகவில்லை. விட்டால் ஆகும். அதற்குள் பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலைக் கீழே இணைத்துவிடலாம்" என்றார் சேலத்து டாக்டர். அவன் அப்பா இதே சதை முற்றித்தான் போனார். அவருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

"வலியே இல்லாத வயித்த எதுக்கம்மா அறுக்கோணும்?" என்றான் மகன்.

"நோவு வர்றதுக்கு மிந்தியே குஞ்சுக்கு ஊசி போடறயல்ல? கோழிக்கு இருக்கற மரியாதை உனக்கு வேண்டாமா?"

சிரித்தபடி ஒப்புக்கொண்டான். பயம் மட்டும் போகவில்லை.

முதல் தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, குடல் காலியாக இருக்கவேண்டிய நாளில், பார்க்க வந்தவர் கொடுத்த புரோட்டாவைத் தின்றுவிட்டான். ஆபரேஷன் தள்ளிப்போனது. கல்யாண மாப்பிள்ளை மாதிரி மலர்ந்த அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பிடிபட்டது. ஐயா தின்றது பசிக்கு இல்லை, தப்பிக்க.

அடுத்த தடவை அறை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். எங்கள் பக்கம் ஆபரேஷனுக்குப் போகிறவரைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். பன்னும் பழமும் வந்தன. திருப்பி அனுப்பினேன். சாயங்காலம் மருமகளின் அம்மா தூக்குப்போசியில் நாட்டுக்கோழிக் குழம்போடு வந்துவிட்டார்.

"ஏனுங்க சம்பந்தி, மாப்பிள்ளைய வெறும் வயித்தோடயா கத்திக்கு அனுப்பறது?" என்று கண்ணைத் துடைத்தார்.

"ஒரே ஒரு வாய்தானுங்க அத்தை!" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"உனக்கெதுக்கு சாமி சிரமம்? நானே திங்கறேன்." போசியை வாங்கி, அவன் கண் முன்னால் எலும்பு வரைக்கும் சப்பி முடித்தேன்.

"பெத்தவளா நீயி?"

"ஆமா சாமி. அதனாலதான் ஒரு துண்டுகூட வெக்கல."

அழுதுகொண்டிருந்த சம்பந்தியம்மாவே சிரித்துவிட்டார்.

மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எனக்குத்தான் குழம்பின் காரம் வேலையைக் காட்டியது. அவன் கண் விழித்தபோது நான் கக்கூசுக்கும் கட்டிலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். தையலை அழுத்திப் பிடித்தபடி கேட்டான்: "அம்மா, கொடல எடுத்தது எனக்கா, உனக்கா?"

எடுத்த குடலைச் சோதித்துப் பார்த்து, ஒரு சதைகூட இன்னும் புற்றாகவில்லை என்றார் டாக்டர்.

பெருங்குடல் இல்லாததால் அவன் இப்போது அடிக்கடி கக்கூசுக்குப் போகிறான். போகும்போதெல்லாம் என்னைப் பார்த்து நின்று, "நீ மிந்தி போறியா, நான் போகட்டுமா?" என்கிறான்.