மருமகளின் நர்சிங் சீட்டில் என் பங்கு

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ராஜா அண்ணாமலைபுரத்தில் இன்று லிஃப்டில் ஏறி இறங்குகிறார்களே, அந்த அடுக்குமாடிகளில் பாதிக்குச் சென்ட்ரிங் அடித்தது நான். தி.நகரில் ஒரு நகைக்கடையின் மாடி, அடையாறில் ஒரு கல்யாண மண்டபத்தின் நடுவில் தூணே இல்லாத கூடம், மயிலாப்பூரில் எண்ணி மாளாத வீடுகள். சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் ஓரத்துக் குடிசையில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, சவுக்குக் கட்டை சுமந்தவன் நான். இன்று சொந்தத் தகடு, முட்டுக் கொடுக்கச் சொந்த ஜாக்கி, மந்தைவெளியில் மாடி வைத்த வீடு. எந்த மழைக்கும் அது ஒழுகியதில்லை.

இந்தப் பட்டியலின் கடைசியில் ஒரு நர்ஸையும் சேர்க்க வேண்டும். அவள் என் மருமகள். அவளுக்குச் சீட்டு கிடைத்ததில் என் பங்கை யாரும் சொல்வதில்லை. அதனால் நானே எழுதுகிறேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். பிழையை அச்சடிப்பவர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

சென்ட்ரிங் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மேல்தளத்துக்குக் காங்கிரீட் ஊற்றும் முன் அதைத் தாங்குவதற்குத் தகடு பரப்பி, கீழே முட்டுக் கட்டை நிறுத்துவோம். காங்கிரீட் இறுகியதும் எல்லாவற்றையும் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவோம். கிரகப்பிரவேசத்தில் எஞ்சினியருக்குச் சால்வை போடுவார்கள். எங்களைப் பந்தியில் உட்காரச் சொல்வார்கள்.

என் மகன் கால்டாக்சி ஓட்டுகிறான். அவன் மனைவி, கல்யாணமான மறு வருடமே, ராஜா அண்ணாமலைபுரத்தில் படுத்த படுக்கையாக இருந்த ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள். குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது, கஞ்சி ஊட்டுவது. ஒருநாள் வேலை முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

“மாமா, மூத்திர ட்யூபு மாத்த நர்சம்மா வந்துச்சு. நான் அந்த அம்மா கையப் புடிச்சேன். ‘நீ தொடாத, தள்ளி நில்லு’ன்னுச்சு. தெனம் அந்த அம்மாவ தூக்கி நிமுத்தறது நானு. தொடக்கூடாதாம்.”

“அதுக்கு இன்னாம்மா பண்ணலாம்?”

“நானும் நர்ஸுக்குப் படிக்கணும். டிகிரி. நாலு வருசம்.”

என் மனைவி உள்ளேயிருந்து கேட்டாள். “நாலு வருசமா? சோறு யாரு ஆக்கறது?”

மகன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். “படிக்கட்டும்” என்றேன். வீட்டில் அந்த வார்த்தையை முதலில் சொன்னது யார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த வாரமே அடையாறில் ஒரு கல்லூரி அலுவலகத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“பிளஸ் டூவுல என்ன குரூப்?”

“கம்ப்யூட்டர் சயின்ஸ்” என்றாள் மருமகள்.

“பயாலஜி இல்லையே. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூணும் இருந்தாத்தான் அப்ளிகேஷனே போட முடியும்.”

“கம்ப்யூட்டரே படிச்ச பொண்ணும்மா இது. தவளைய படிக்காதா?” என்றேன்.

“தாராளமா படிக்கட்டும். படிச்சு பாஸ் பண்ணிட்டு வரச் சொல்லுங்க.”

வெளியே வந்து இரண்டு கரும்பு ஜூஸ் வாங்கினேன். அவள் குடிக்கவில்லை. இரண்டையும் நானே குடித்தேன். குடித்துக்கொண்டே யோசித்தபோதுதான் மயிலாப்பூர் மாமி நினைவுக்கு வந்தார். பெண்கள் பள்ளியில் பயாலஜி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு மாடிக்குத் தளம் போட்டது நான்.

மாமி கதவைத் திறந்ததுமே ஆரம்பித்துவிட்டார். “நீங்க போட்ட தளம்தானே? மூலையில ஒழுகிண்டே இருக்கு.”

“அது மேல பூசுன கொத்தனாரு வேல மாமி. சென்ட்ரிங்ல ஒரு கொறையும் இல்ல.”

விஷயத்தைச் சொன்னேன். மாமி மருமகளை மேலும் கீழும் பார்த்தார். “பழைய பாடத்தையெல்லாம் திரும்ப எழுத வேண்டாம். திறந்தநிலைப் பள்ளியில பயாலஜி மட்டும் தனியா எழுதலாம். ஆனா பிராக்டிகல்னு ஒண்ணு உண்டு. அன்னிக்கு ஆத்துல என்ன ஆனாலும் போயாகணும். போகலேன்னா ஒரு வருஷம் வீண். நான் சொல்லிக் குடுக்கறேன்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்க அந்த மூலையைப் பாத்துக் குடுத்துடுங்கோ.”

பார்த்துக் கொடுத்தேன். கொத்தனார் வேலையை நான் செய்தது என் வாழ்க்கையில் அது ஒரு தடவைதான்.

வேலையிலிருந்து வந்து, முகம் கழுவிக்கொண்டு, மாமி வீட்டுக்கு ஓடுவாள் மருமகள். கூப்பிட்டு வரப் போகும்போது வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். “கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்காதே. ரத்தம் எங்கேர்ந்து எங்கே போறதுன்னு விரலால காட்டு” என்பார் மாமி. தரையில் சாக்பீஸால் பெரிய இதயம் வரைந்திருக்கும். இவள் அதன் மேல் உட்கார்ந்து விரலால் பாதை போட்டுக்கொண்டிருப்பாள்.

வீட்டில் படிக்க இடமில்லை. மாடிப்படிக்குக் கீழே, பழைய சென்ட்ரிங் பிளைவுட்டை அறுத்து ஒரு மேசை அடித்துக் கொடுத்தேன். வேலை முடிந்ததும் கைப்பழக்கத்தில் அதன் மேல் எண்ணெயும் தடவிவிட்டேன். பலகையில் காங்கிரீட் ஒட்டாமல் இருக்க நாங்கள் தடவுகிற கறுப்பு எண்ணெய்.

“மாமா, இதுல காங்கிரீட் ஒட்டாது, சரி. என் புக்குல எண்ண ஒட்டிக்கினு கீதே!” என்றாள்.

பழைய காலண்டர் தாளை மேலே விரித்தோம். அந்த மேசையில்தான் அவள் பயாலஜி முழுவதையும் படித்தாள். சமையலை என் மனைவி ஏற்றுக்கொண்டாள். தினமும் முணுமுணுத்தாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

பிராக்டிகல் தேர்வு நாளன்று எனக்கு ராஜா அண்ணாமலைபுரத்தில் தளம் ஊற்றும் வேலை. தேர்வு மையம் தாம்பரம் தாண்டி இருந்தது. மகன் காரில் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. விடியற்காலையில் ஒரு சவாரி முடித்துவிட்டு வருகிறேன் என்று போயிருந்தான். இங்கே மிக்ஸர் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எனக்குப் போன் வந்தது.

“மாமா, அவரு வண்டி கோடம்பாக்கம் பாலத்து மேல நின்னு போச்சாம். ஆட்டோக்காரன் எவனும் அவ்ளோ தூரம் வரமாட்டேங்கறான். டைம் ஆய்க்கினே கீது மாமா.”

தளம் ஊற்றும்போது சென்ட்ரிங்காரன் அடியில் நிற்க வேண்டும். மேலே எடை ஏற ஏற முட்டுக் கட்டை முனகும். எந்தக் கட்டை முனகுகிறது என்று கேட்டு, அதன் அடியில் ஆப்பை அடித்து இறுக்க வேண்டும். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து, ஊற்றிக்கொண்டிருக்கிற தளத்தை விட்டு நான் நகர்ந்ததில்லை. என் தகப்பன் செத்த செய்தி வந்தபோதுகூட ஊற்றி முடித்துவிட்டுத்தான் போனேன்.

ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். என்னிடம் வேலை செய்கிற மேஸ்திரி ஓடி வந்தான்.

“நைனா, எங்க போறே? மிஷினு ஓடிக்கினு கீது!”

“நிறுத்தாத. நீ அடியில நில்லு. முட்டு பேசுனா ஆப்ப அடி.”

“பேசலன்னா?”

“நீயும் பேசாத.”

வீட்டுக்குப் போய் மருமகளை ஏற்றிக்கொண்டேன். பின்னால் உட்கார்ந்தவள் தாம்பரம் வரை வாயை மூடவில்லை. எலும்புகளின் பெயராகச் சொல்லிக்கொண்டே வந்தாள். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரன் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். மையத்தின் கேட்டை மூடப் போகும் நேரத்தில் உள்ளே ஓடினாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க நேரமும் இல்லை.

நான் சைட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஊற்றி முடித்திருந்தார்கள். ஏதோ ஒரு முட்டு பேசியிருக்கிறது, மேஸ்திரிக்குக் கேட்கவில்லை. தளம் ஓர் ஓரத்தில் லேசாகத் தொய்ந்துவிட்டது. ஆபத்து ஒன்றும் இல்லை என்று எஞ்சினியரே பார்த்துச் சொன்னார். ஆனால் அந்தக் கட்டடத்தில் கார் நிறுத்தும் இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் இன்றும் தெரியும். நான் போட்டதில் தொய்ந்த தளம் அது ஒன்றுதான்.

பயாலஜியில் நல்ல மார்க் வாங்கிப் பாஸ் செய்தாள். இனி கவுன்சலிங். எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசையாகக் கம்ப்யூட்டரில் போட வேண்டுமாம். மார்க்கைப் பார்த்து, அந்த வரிசையில் எது கிடைக்குமோ அதைக் கொடுப்பார்களாம்.

“எத்தினி போட்டுக்கீறே?” என்று கேட்டேன்.

“பதினாலு மாமா.”

“பதினாலா? வீடு கட்டற பார்ட்டிகிட்ட நாலு ரேட்டு சொன்னா, அவன் கடைசி ரேட்டுலதான் வந்து நிப்பான். ஒரே ரேட்டு சொல்லிட்டு உக்காரணும். மெட்ராசுக்குள்ள இருக்கற கவர்மெண்டு காலேஜ் ஒண்ண மட்டும் வெய்யி. மத்தத தூக்கு.”

“இது பார்ட்டி இல்ல மாமா. கம்ப்யூட்டரு.”

“கம்ப்யூட்டருக்குப் பின்னால ஒக்காந்துக்கினு இருக்கறது ஆளுதானே?”

புருஷனைப் பார்த்தாள். அவன் செல்போனைப் பார்த்தான். மாமனார் பேச்சைத் தட்டக் கூடாது என்று நினைத்தாளோ, ஸ்கூட்டரை நினைத்தாளோ, ஒன்றை மட்டும் வைத்துவிட்டு மற்றதை எடுத்துவிட்டாள். முதல் சுற்று முடிவு வந்தது. சீட்டு இல்லை. அவள் மாடிப்படிக்குக் கீழே போய் உட்கார்ந்தாள். விளக்குப் போடவில்லை.

என் மனைவி எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். “ஒரே ரேட்டு, ஒரே ரேட்டுன்னியே. வந்தானா உன் பார்ட்டி?”

நான் குழம்பு கேட்டேன். ஊற்றினாள்.

இரண்டாம் சுற்றுக்கு அவளே வரிசை போட்டாள். என்னிடம் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. முடிவு வந்த அன்று நான் வீட்டுக்குள் நுழையும்போது மகன் வாசலிலேயே சொன்னான். ஊருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரி. அரசு ஒதுக்கீட்டில் இடம். கல்லூரி பஸ் அடையாறு வரை வந்து ஏற்றிக்கொள்ளும்.

“பாத்தியா, காத்திருந்ததுக்கு வீட்டுலேர்ந்தே போய் வர காலேஜ் கெடச்சிச்சு” என்றேன்.

“மாமா, மொத தபா போட்ட பதினாலுல இது அஞ்சாவதா இருந்துச்சு. அப்பவே கெடச்சிருக்கும்.”

“நாலாவது கெடச்சிருந்தா? அது எந்த ஊரு?”

“தெக்கே. பஸ்ஸுல ராத்திரி பூரா போவணும். ஆனா அதுக்கு என் மார்க்கு பத்தாது மாமா.”

பத்தாது என்பது அவள் கணக்கு. கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது என் கணக்கு. இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை.

முதல் வருடத்தில் கல்லூரியில் விளக்கேற்றும் விழா வைத்தார்கள். எல்லாப் பெண்களும் வெள்ளை உடுப்பில், கையில் விளக்கோடு, வரிசையாக நின்று உறுதிமொழி சொன்னார்கள். நன்றி சொல்ல என் மருமகளைத்தான் மேடைக்குக் கூப்பிட்டார்கள். மாமி வந்திருந்தார், முதல் வரிசையில். நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இரண்டாம் வரிசையில் இருந்தேன். மருமகள் அச்சடித்த தமிழில் பேசினாள். தரையில் இதயம் வரைந்து சொல்லிக் கொடுத்த டீச்சருக்கு நன்றி. கரண்டியை வாங்கிக்கொண்ட மாமியாருக்கு நன்றி. துணை நின்ற கணவருக்கு நன்றி. மற்றும் குடும்பத்தினர் அனைவருக்கும் நன்றி. கை தட்டினார்கள். மாமி எழுந்து நின்று கும்பிட்டார்.

‘மற்றும்’ என்ற இடத்தில் இருந்தவன் நான்.

வரும்போது பஸ்ஸில் கேட்டேன். “கார நடுப் பாலத்துல நிறுத்துனவனுக்குத் தேங்க்ஸ். எனக்கு இன்னா?”

“மைக்கப் பாத்ததும் மறந்து போச்சு மாமா. அடுத்த தபா சொல்றேன்” என்றவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அந்த ஒரே ரேட்டு கதையையும் சேத்து சொல்லிரட்டா?” என்றாள்.

அதற்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். இன்னும் சில வருடங்களில் அவள் பட்டம் வாங்குவாள். அன்றைக்கும் மைக் கொடுப்பார்கள். அப்போது தெளிவாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும்: ‘படிக்கட்டும்’ என்று முதலில் சொன்னவர் என் மாமனார், ஊற்றிக்கொண்டிருந்த தளத்தை விட்டுவிட்டு என்னைத் தேர்வுக்குக் கொண்டுபோனவர் அவர். சந்தேகம் இருப்பவர்கள் ராஜா அண்ணாமலைபுரத்துக்குப் போய் அண்ணாந்து பார்க்கட்டும். ஒரே ரேட்டு கதையையும் சொல்வதென்றால் சொல்லட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஸ்கூட்டர் முதலில் வர வேண்டும். மாமிக்கும் முன்னால்.